சுத்தியலும் தவணையும்

1969-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஒரு கறுப்பினக் குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோனது. அதுவரை அவர்கள் இருந்தது சாயம் காணாத பலகைக் குடிசை. குழாய்த் தண்ணீர் கிடையாது. புது வீட்டின் விலை சுமார் 6,000 டாலர். 20 ஆண்டில் அடைக்க வேண்டும். வட்டி இல்லை. ஆக, மாதத் தவணை 25 டாலர்.

இந்த 25 டாலரைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே 6,000 டாலரை ஏழரை விழுக்காடு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதத் தவணை 48 டாலரைத் தாண்டியிருக்கும். 20 ஆண்டு முடிவில் கட்டிய மொத்தம் 11,600 டாலர் ஆகியிருக்கும். ஒரு வீட்டில் குடியிருக்க ஏறக்குறைய இரண்டு வீட்டின் விலையைக் கொடுப்பது அது. அதுவும் கடன் கிடைத்தால்தான். வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தருவதற்காக 1934-இல் ஏற்பட்ட கூட்டாட்சி வீட்டு நிர்வாகம், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை நம்பத்தகாதவை என்று பல ஆண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது.

தன்னார்வலர்கள் ஏழைகளுக்கு வீடு கட்டுகிறார்கள் என்றதும் நம் கண்முன் வருவது தலைக்கவசமும் சுத்தியலும் வியர்த்த முகங்களும்தான். அந்த உழைப்பு உண்மையானது, போற்றத் தக்கது. ஆனால் இந்த இயக்கத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், குடிசையில் இருந்தவர்களைச் சொந்த வீட்டுக்காரர்கள் ஆக்கியதில் சுத்தியலைவிடத் தவணைக் கணக்குக்கே பெரிய பங்கு இருப்பது தெரியவரும்.

கூடிக் கட்டும் வழக்கம் அமெரிக்கஸில் பிறந்ததல்ல. பெருமந்தக் காலத்தில், 1937-இல், பென்சில்வேனியாவின் ஃபயெட் மாவட்டத்தில் வேலையிழந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக குவேக்கர் சமயத்தாரின் சேவை அமைப்பு ‘பென் கிராஃப்ட்’ என்ற குடியிருப்பைத் தொடங்கியது. 50 குடும்பங்கள் குறைந்த வட்டிக் கடனில் தங்கள் கல்வீடுகளைத் தாங்களே கட்டின. வீடு எழும்பும்வரை தங்குவதற்கு மனையின் ஓரத்தில் ஒரு சிறு கொட்டகை போட்டுக்கொண்டார்கள்; வீடு முடிந்ததும் அதுவே கோழிக்கூடானது. அடுத்த ஆண்டு, கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் ரிசர்வ் மைன்ஸ் என்ற சுரங்க ஊரில், ஜிம்மி டாம்கின்ஸ் என்ற பாதிரியாரின் தூண்டுதலால் இன்னொரு குடியிருப்பு எழுந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த மேரி ஆர்னால்டு என்ற பெண்மணி தொழிலாளர்களுடன் மாலைநேரப் படிப்பு வட்டம் நடத்தினார். அட்டையில் மாதிரி வீடு செய்து பார்த்த பிறகே அவர்கள் அத்திவாரம் தோண்டினார்கள். மாகாண வீட்டு ஆணையம் கடன் தந்தது. கையில் காசில்லாதவர்களின் உழைப்பே முன்பணத்தில் ஒரு பகுதியாக ஏற்கப்பட்டது. உடல் உழைப்புக்குப் பண மதிப்புப் போட்ட அந்த ஏற்பாடு பின்னால் வந்த திட்டங்களிலும் தொடர்ந்தது.

1960-களில் கலிபோர்னியாவின் கோஷன் என்ற ஊரில் பண்ணைக் கூலிகளின் குடும்பங்கள் இதே வழியில் வீடு கட்டின. அங்கேயும் துணை நின்றது குவேக்கர் அமைப்புதான். அதிலிருந்து கிளைத்த நிறுவனம் 1965-இல் பதிவானது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து எல்லார் வீட்டையும் எல்லாரும் கட்டுவதும், கடைசி வீடு முடியும்வரை யாரும் குடிபோகாமல் இருப்பதும் இத்தகைய குழுக்களின் வழக்கம். அமெரிக்கக் கிராமப்புறங்களில் அரசின் உதவியோடு இம்முறை இன்றும் நடக்கிறது.

இவற்றில் எல்லாம் கட்டியவர்களும் குடியேறியவர்களும் ஒருவரே. முன்பின் தெரியாத ஒருவர் வெளியூரிலிருந்து வந்து இன்னொருவர் வீட்டுக்கு ஆணி அடிப்பது கோய்னோனியாவில் வேர்விட்ட வழக்கம்.

கோய்னோனியா என்றால் கிரேக்க மொழியில் தோழமை, கூட்டுறவு என்று பொருள். 1942-இல் கிளாரன்ஸ் ஜோர்டன், மார்ட்டின் இங்லண்டு ஆகிய இருவரும் தங்கள் மனைவியரோடு அமெரிக்கஸுக்குப் பக்கத்தில் 440 ஏக்கரில் தொடங்கிய பண்ணை அது. ஜோர்டன் வேளாண்மை படித்தவர். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள் என்பதே அந்த வட்டாரத்துக்குப் பொறுக்கவில்லை. 1950-களில் உள்ளூர்க் கடைக்காரர்கள் பண்ணையோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தினார்கள். சாலையோரக் கடை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பண்ணையில் இருந்தவர்கள் தங்கள் பீக்கன் கொட்டைகளை அஞ்சல் வழியே வெளியூர்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள்.

அங்கே 1965-இல் வந்து சேர்ந்தவர் மில்லர்டு ஃபுல்லர். அலபாமாவில் வியாபாரம் செய்து 29 வயதிலேயே கோடீஸ்வரரானவர். குடும்பம் உடையும் நிலைக்கு வந்தபோது சொத்தை விற்று வழங்கிவிட்டு மனைவி லிண்டாவோடு புது வாழ்வு தேடியவர். ஜோர்டனும் அவரும் 1968-இல் ஒரு திட்டம் தீட்டினார்கள்: தலா அரை ஏக்கர், அதாவது நம் கணக்கில் ஐம்பது சென்ட், கொண்ட 42 மனைகள், நடுவே நான்கு ஏக்கரில் பூங்கா. நன்கொடையால் ஒரு நிதி. லாபமும் வட்டியும் இல்லாமல் விற்பனை. திரும்பி வரும் தவணையெல்லாம் அந்த நிதிக்கே போய் அடுத்த வீடாக முளைக்கும். ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்ற விவிலியக் கட்டளையை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

தானமாகக் கொடுத்திருந்தால் என்ன? தானம் ஒரு வீட்டோடு நின்றிருக்கும். வாங்கியவரும் கைநீட்டியவராகவே இருந்திருப்பார். விலை கொடுத்து வாங்கியவரோ தான் கட்டும் ஒவ்வொரு தவணையாலும் அடுத்தவருக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கிறார். நாம் தொடக்கத்தில் பார்த்த அந்த முதல் வீடு முழுமையாவதை ஜோர்டன் பார்க்கவில்லை. 1969 அக்டோபர் 29 அன்று பண்ணையில் தன் எழுத்துக் குடிலிலேயே காலமானார். எளிய மரப்பெட்டியில் வைத்து, பெயர்க்கல் இல்லாமல், அதே மண்ணில் புதைத்தார்கள்.

ஃபுல்லர் குடும்பம் 1973-இல் ஆப்பிரிக்காவில் அன்றைய ஜைர் நாட்டின் ம்பண்டாக்கா நகருக்குப் போனது. அங்கே கிடைத்த நிலம் வெறும் நிலமல்ல. குடியேற்ற ஆட்சியில் வெள்ளையர் குடியிருப்பையும் ஆப்பிரிக்கர் குடியிருப்பையும் பிரித்து வைக்க நகரின் நடுவே வெறுமையாக விட்டிருந்த பட்டை அது. அதன் பெயர் ‘பொக்கோட்டோலா’: மற்றவர்மேல் அக்கறையில்லாதவன் என்று பொருள். சிமெண்ட் கட்டிகளை அங்கேயே வார்த்து, அந்தப் பிரிவினைப் பட்டையின்மேல் வீடுகளை எழுப்பினார்கள். பெயரையும் ஊரார் மாற்றினார்கள். எல்லாரையும் ஒன்றுசேர்ப்பது என்ற பொருளில் ‘லொசங்கான்யா’ ஆயிற்று. ஊர் திரும்பிய ஃபுல்லர், 1976 செப்டம்பரில் கோய்னோனியாவில் கூட்டிய கூட்டத்தில் பிறந்ததுதான் ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’.

அது பரவிய காலத்தையும் கவனிக்க வேண்டும். 1981-இல் அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக் கடனின் வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டியது. நடுத்தர வர்க்கமே வீடு வாங்கத் தயங்கிய நேரத்தில், வட்டியில்லாக் கடன் என்பது எத்தனை பெரிய கதவைத் திறந்திருக்கும்! 1984-இல், அமெரிக்கஸுக்குப் பக்கத்து ஊரான பிளெயின்ஸைச் சேர்ந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், மனைவி ரோசலினுடன் தன்னார்வலர்களோடு பேருந்தில் ஏறி நியூயார்க் போனார். லோயர் ஈஸ்ட் சைடில் பாழடைந்து கிடந்த ஆறு மாடிக் கட்டடத்தை 19 குடும்பங்களுக்கான வீடுகளாகச் செப்பனிடும் வேலை. தச்சு வேலை நன்கறிந்த கார்ட்டர் பெயருக்குப் படம் பிடித்துக்கொள்ளாமல் வாரம் முழுக்க வேலை செய்தார். அதன் பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 2005-இல் இரண்டு லட்சமாவது வீடு கட்டப்பட்டது.

விண்ணப்பிக்கும் குடும்பத்திடம் மூன்று கேட்கிறார்கள்: வீட்டுத் தேவை உண்டா, தவணை கட்ட முடியுமா, கூட நின்று உழைப்பீர்களா. கிளைக்குக் கிளை மாறினாலும், அமெரிக்காவில் சில நூறு மணி நேரம் உழைக்க வேண்டும். தன் வீட்டில் மட்டுமல்ல, பிறர் வீட்டிலும். இதை வியர்வை முதலீடு என்கிறார்கள். ஒரு சனிக்கிழமைக் காலையை எண்ணிப் பாருங்கள். தளத்தின்மேல் மரச்சட்டத்தைக் கிடத்தி, 16 அங்குலத்துக்கு ஒரு கட்டை வைத்து ஆணி அடிக்கிறார்கள். முடிந்ததும் எல்லாரும் ஒரு பக்கமாக நின்று, ஒரே மூச்சில் சுவரைத் தூக்கி நிறுத்துகிறார்கள். சுத்தியல் பிடித்தறியாதவரும் மதியத்துக்குள் ஒரு சுவரைப் பார்த்துவிடுகிறார். மின்சாரத்துக்கும் குழாய்க்கும் உரிமம் பெற்றவர்களே வருகிறார்கள். மரச்சட்ட வீட்டில்தான் இது இத்தனை எளிது. இந்தியாவில் இவ்வியக்கம் 1983-இல் கம்மம் நகரில் தொடங்கியது. அங்கே எழுப்பும் செங்கல் சுவருக்குக் கொத்தனார் வேண்டும்; உதவ வந்தவர் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கிறார்.

குறைகளும் உண்டு, மறைக்கக் கூடாது. 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த பிறகு, இசைக்கலைஞர்களுக்காக 72 வீடுகள் கொண்ட குடியிருப்பைத் திட்டமிட்டார்கள். ஆனால் பல கலைஞர்கள் தகுதி பெறவே திணறினார்கள். இரவு விடுதியில் வாசித்துக் கைக்காசு வாங்குபவரிடம் சம்பளச் சீட்டு ஏது? தவணை கட்டும் தகுதி என்ற அந்த ஒரு நிபந்தனை, மிக ஏழையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நிலமும் அப்படித்தான்: தன்னார்வலரின் கை கூலியைக் குறைக்கும், மனை விலையைக் குறைக்காது. அரசுப் பணம் வேண்டாம் என்றிருந்த ஃபுல்லரும் நிலத்துக்கும் சாலைக்கும் குழாய்க்கும் அரசு உதவலாம் என ஒத்துக்கொண்டார். அதற்கென்றே 1996-இல் கூட்டாட்சித் திட்டம் ஒன்று சட்டமானது. பல கிளைகள் இன்று வட்டியில்லாக் கடன் என்பதிலிருந்து நகர்ந்து, வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் தவணை அடங்க வேண்டும் என்ற அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஈழத்தில் இதே நிறுவனம் வேறொரு வடிவில் இறங்கியது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய வீட்டுத் திட்டத்தை நிறைவேற்றிய அமைப்புகளில் அதுவும் ஒன்று. அங்கே கடன் இல்லை, மானியம்: வீடு ஒன்றுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், அத்திவாரம், சுவர், கூரை என வேலை ஏற ஏறத் தவணைகளாக. கட்டும் பொறுப்பு குடும்பத்துக்கே. ஆயிரக்கணக்கானவர்கள் தறப்பாள் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் கணவனைப் போரில் இழந்த பெண் அத்திவாரம் வெட்டவும் மேசனுக்குக் கைகொடுக்கவும் ஆளைக் கூலிக்குத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சாமான் விலை ஏற ஏற மானியம் கூரையோடு தீர்ந்தது. பூச்சுக்கும் கதவுக்கும் நகையை அடகு வைத்தவர்களும், நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்குள் விழுந்தவர்களும் உண்டு. வீடு எழும்பி நின்ற பிறகும் வாரா வாரம் கடன்காரர் அதே வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.