மின்னணு டிரம் செட்: தொடக்க நிலைக் கருவிகளும் தேர்வும்

மின்னணு டிரம் செட் என்பது, குச்சியின் அடியை மின்குறிப்பாக மாற்றி, முன்னரே பதிந்து வைக்கப்பட்ட டிரம் ஒலியை அக்குறிப்புக்கேற்ப எழுப்பும் தாளக் கருவித் தொகுதியாகும். அடி வாங்கும் தட்டுகள் ‘பேட்’ எனவும், குறிப்பை ஒலியாக்கும் பெட்டி ‘மாட்யூல்’ எனவும் வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு பேடின் உள்ளும், அதிர்ந்தால் சிறிதளவு மின்னழுத்தத்தை உண்டாக்கும் பீசோ வில்லை பொருத்தப்பட்டிருக்கும். அம்மின்னழுத்தத்தின் அளவைக் கொண்டே அடி மெல்லியதா வலியதா என்பதை மாட்யூல் கணிக்கிறது.

தமிழக மெல்லிசை மேடைகளில் ‘பேட்’ என்றதும் நினைவுக்கு வரும் ஆக்டோபேட் இதற்கு உறவுக் கருவியே. ரோலண்ட் நிறுவனம் 1985-இல் அறிமுகப்படுத்திய அவ்வகையில் எட்டுப் பேடுகள் ஒரே பெட்டியில் அமைந்திருப்பதால் அது மேடைக்கு வசதியானது. ஆனால் இரு கைகளையும் இரு கால்களையும் தனித்தனியே இயக்கப் பழக வேண்டிய டிரம்ஸ் மாணவருக்கு அது ஈடாகாது.

பேடின் பரப்பு காலப்போக்கில் மாறி வந்துள்ளது. பிரிட்டனின் சிம்மன்ஸ் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த எஸ்.டி.எஸ்-5 என்ற கருவியின் அறுகோணப் பேடுகள் பாலிகார்பனேட்டால் ஆனவை. அவற்றின் கடினத்தன்மையால் மணிக்கட்டு வலிக்கிறது என்று வாசிப்பவர்கள் குறைகூறினர். பின்னர் ரப்பர் பேடுகள் பரவின. 1997-இல் ரோலண்ட் வெளியிட்ட டிடி-10 தொகுதியில், இழுத்துக் கட்டிய வலைத்துணியாலான ‘மெஷ்’ பரப்பு இடம்பெற்றது. ஓசை குறைவாகவும், குச்சி இயல்பாகத் துள்ளும்படியும் அமைந்த அப்பரப்பு, 2010-களின் இறுதியில்தான் அலிசிஸ் நைட்ரோ மெஷ் போன்ற விலை குறைந்த கருவிகளுக்கும் பரவலாக வந்து சேர்ந்தது.

தொடக்க நிலைக் கருவிகளின் விளம்பரங்களில் பெரும்பாலும் ஒலிகளின் எண்ணிக்கையே முதலிடம் பெறுகிறது. நைட்ரோ மெஷ்ஷின் மாட்யூலில் 385 ஒலிகள் உள்ளன என்பது உண்மைதான் எனினும், தேர்வுக்கு இதைவிடப் பலவீனமான அளவுகோல் வேறில்லை. கருவிகளிடையே வாசிப்புக் குறிப்புகளைப் பரிமாற 1983-இல் நடைமுறைக்கு வந்த ‘மிடி’ முறையின்படி, யு.எஸ்.பி. கம்பி வழியே செட்டைக் கணினியுடன் இணைத்து, மாட்யூலின் ஒலிகளுக்குப் பதிலாக மென்பொருள் ஒலிகளைப் பயன்படுத்தலாம். ஒலியைப் பின்னர் மாற்றிக்கொள்ள முடியும்; தரக்குறைவான பெடலில் பழகிய காலை மாற்றுவது கடினம்.

யமஹாவின் டிடிஎக்ஸ்402 வரிசை இதற்கு நல்ல சான்று. அவ்வரிசையின் செட்டுகள் அனைத்திலும் மாட்யூல் ஒன்றே. விலை குறைந்த 402கே செட்டில், காலால் வாசிக்கும் கிக் டிரம்முக்குப் பேடே இல்லை. கால் அழுத்தும் பலகையிலேயே உணரி இருப்பதால், சுத்தியல் போல் வந்து மோதும் ‘பீட்டர்’ என்ற உறுப்புக்கும் அங்கே வேலையில்லை. விலை கூடிய 452கே செட்டில் உண்மையான பெடலும் அதன் பீட்டர் மோதும் பேடும் உண்டு. பீட்டரின் எடையையும் அது திரும்பி வரும் வேகத்தையும் கால் உணர்ந்தால்தான் பிற்காலத்தில் சாதாரண டிரம் செட்டுக்கு மாறுவது எளிதாகும் என்பதால், கூடுதல் பணத்தைச் செலவிடத் தக்க முதல் இடம் இதுவே.

ஆயினும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த நன்மையே தொல்லையாகவும் முடியலாம். ஹெட்ஃபோன் அணிந்து வாசிப்பவருக்கு எல்லாம் அமைதியாகத் தோன்றினாலும், பீட்டரின் மோதல் தளத்தின் வழியே கீழ் வீட்டுக் கூரையில் ‘தொம் தொம்’ என்று கேட்கும். தடித்த கம்பளம் இதைச் சிறிதளவே தடுக்கும். இரு பலகைகளுக்கிடையே டென்னிஸ் பந்துகளைப் பதித்துச் செய்த மேடையின் மீது செட்டை நிறுத்துவது, பல நாடுகளிலும் வாசிப்பவர்கள் கையாளும் தீர்வு.

கடையில் முதலில் சோதிக்க வேண்டியது ஸ்னேர் டிரம்முக்குரிய பேட். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒரே வலுவில் தட்டிச் செல்லும்போது, உணரி நடுவில் அமைந்த மெஷ் பேடுகளில் மையத்தில் மட்டும் ஒலி திடீரென உயரக்கூடும். அடுத்து மிக மெல்லிய தட்டலில் தொடங்கிப் படிப்படியாக வலுவைக் கூட்டினால், ஒலியும் சீராக வளர்கிறதா, இரண்டு மூன்று படிகளாகத் தாவுகிறதா என்பது தெரியும். ஹை-ஹாட் எனப்படும் இணைத் தாளத் தட்டுக்குரிய பெடலை மெதுவாக அழுத்தியபடியே தட்ட வேண்டும். திறந்த ஒலி, மூடிய ஒலி என்ற இரண்டோடு நின்றுவிடும் கருவியில், அரைத்திறப்பின் சலசலப்பைப் பழக வழியில்லை. ஒரு பேடைத் தட்ட வேறொன்றும் ஒலித்தால் அது ரேக் எனப்படும் சட்டத்தின் வழியே பரவும் அதிர்வால் நேர்வது. இதைப் பெரும்பாலும் மாட்யூலின் அமைப்புகளிலேயே சரிசெய்யலாம்.

அறிவிக்கப்படும் விலையில் இருக்கை, ஹெட்ஃபோன், சில செட்டுகளில் கிக் பெடலும்கூட அடங்குவதில்லை. இவற்றையும் கூட்டிப் பார்த்தால் பழைய செட்டு வாங்குவது பலருக்கு உகந்ததாகலாம். கிழிந்த மெஷ்ஷையும் உடைந்த பீசோவையும் குறைந்த செலவில் மாற்ற முடியும் என்றாலும், மாட்யூல் பழுதானால் அதற்கு மாற்று வாங்கும் செலவு மொத்த செட்டின் விலையை நெருங்கிவிடக்கூடும். ஆகவே எல்லாப் பேடுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி, கம்பி செருகும் இடங்களை லேசாக அசைத்துப் பார்த்த பின்னரே விலை பேசுவது வழக்கம்.