முன்னறிவிப்பும் காரணமும்
மலாக்காத் தோட்டங்கள் காட்டும் வேலைநீக்க உரிமையின் வரலாறு

மலாக்கா நகருக்கு வடமேற்கே அமைந்தது புக்கிட் ரம்பாய். புக்கிட் என்பது மலாய் மொழியில் குன்று. ரம்பாய் என்பது கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் ஒரு பழமரம். இன்று இவ்வூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆயினும் மலாக்கா மாநிலத்துத் தமிழ்த் தொழிலாளரின் வரலாறு பெரிதும் ரப்பர்க் காட்டில் உருவாயிற்று. 1896-ஆம் ஆண்டில் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்னும் சீன வணிகர், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காத் தலைவர் ரிட்லியின் ஊக்கத்தால், புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் புக்கிட் அசாஹானில் பெருந்தோட்டம் தோன்றியது. அவற்றைத் தொடர்ந்து மலாயா எங்கும் எழுந்த தோட்டங்களில் பால் வெட்டத் தமிழகத்திலிருந்து மக்கள் வந்து குவிந்தனர்.

தோட்டத்தில் ஒருவனுக்கு வேலை போயிற்று என்றால், போனது வேலை மட்டுமன்று. அவன் குடியிருந்த லயம் தோட்டத்துக்குரியது. அவன் பிள்ளை படித்த பள்ளி தோட்டத்துப் பள்ளி. நோய்க்கு மருந்து தந்தது தோட்டத்து ஆஸ்பத்திரி. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடப்படாத அன்று, வீடும் பள்ளியும் மருந்தும் ஒருசேரக் கைநழுவின. ஆதலால், “எக்காரணத்தால் என்னை நீக்கினீர்?” என்று தொழிலாளி கேட்க உரிமை உண்டா என்பது, தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை, குடும்பத்தின் வாழ்வையே தொட்ட கேள்வியாகும்.

தொடக்ககாலச் சட்டம் இக்கேள்வியைத் தலைகீழாகக் கேட்டது. ஒப்பந்தக் கூலி முறையில் தொழிலாளியை ஏன் நீக்கினாய் என்று முதலாளியைக் கேட்பாரில்லை. ஏன் போனாய் என்று தொழிலாளியையே கேட்டனர். காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடியவன் குற்றவாளியாகி, சிறைத் தண்டனைக்கும் உள்ளானான். இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகச் சேர்ப்பது 1910-ல் நின்றது. கங்காணி முறையில் வந்தோர் சட்டத்தின் கண்ணில் கட்டற்றவர். ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகலாம். ஆனால் அதே ஒரு மாத முன்னறிவிப்பில் துரையும் அவரை விலக்கலாம். சம உரிமைபோல் தோன்றும் இவ்வேற்பாட்டில் சமம் இல்லை. தொழிலாளி விலகினால் தோட்டம் ஓர் ஆளை இழந்தது. தோட்டம் விலக்கினால் தொழிலாளி எல்லாவற்றையும் இழந்தான்.

உலகப் பொருளாதார மந்தம் இவ்வுண்மையைக் கொடிய முறையில் விளக்கிற்று. ரப்பர் விலை வீழ்ந்தது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவிலிருந்து தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். உழைப்புத் தேவைப்பட்டபோது கப்பலேற்றி அழைத்தவர்கள், தேவையற்றபோது கப்பலேற்றி அனுப்பினர். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, குறை கூறியவரைப் பழிவாங்கலாகாது என்பதையும் அவர்கள் கோரிக்கையாக வைத்தனர். அதாவது, வாய் திறந்ததற்காக வேலை போகலாகாது என்றனர். நாதன் சிறைப்பட்டு நாடுகடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

போருக்குப்பின் காலம் மாறிற்று. 1954-ல் பல வட்டாரச் சங்கங்கள் ஒன்றுபட்டுத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதன் தலைவர்களுள் முதன்மையானவர். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 1957-ல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் இன்றைய வடிவில், உடன்படிக்கையில் முன்னறிவிப்புக் காலம் குறிக்கப்படாவிடின், இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு 6 வாரம், அதற்கு மேற்பட்டால் 8 வாரம் அறிவிப்புத் தரவேண்டும். ஒழுங்கீனம் என்று கூறி நீக்குவதாயின், முறையான விசாரணை நடைபெறுதல் வேண்டும். விசாரணைக்காக இடைநீக்கம் செய்தால் அது இரு வாரத்தை மிஞ்சலாகாது. அக்காலத்தில் அரைச் சம்பளம் உண்டு. குற்றம் மெய்ப்படாவிடின் எஞ்சிய அரையும் தரப்படல் வேண்டும்.

ஆட்குறைப்பால் வேலையிழந்தோர்க்கு 1980-ஆம் ஆண்டு விதிகள் இழப்பீடு வகுத்தன. ஓராண்டேனும் தொடர்ந்து உழைத்தவர்க்கு இது பொருந்தும். சேவை இரண்டாண்டுக்குக் குறைந்தால் ஆண்டுக்கு 10 நாள் ஊதியம். ஐந்தாண்டுக்குக் குறைந்தால் 15 நாள். அதற்கு மேல் 20 நாள். பன்னிரண்டு ஆண்டு பால் வெட்டியவர்க்கு 240 நாள் ஊதியம் சேரும். தோட்டம் கைமாறும்போது, புதிய உடைமையாளர் ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலையைத் தர முன்வராவிடின், பழைய உடைமையாளரும் புதிய உடைமையாளரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் இழப்பீடு செலுத்தக் கடமைப்பட்டவர்கள். தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்ட ஊர்களில் இவ்விதியின் அருமை விளங்கும். 2023 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மாத ஊதியம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதோர்க்கே இவ்விழப்பீடு கட்டாயமாகும்.

இவ்வளவும் பணத்தைப் பற்றியன. காரணம் கேட்கும் உரிமையை ஊன்றியது வேறொரு சட்டம். அது 1967-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, பழைய வேலையில் மீண்டும் அமர்த்தப்பட வேண்டி முறையிடலாம் என்கிறது அதன் 20-ஆம் பிரிவு. சங்க உறுப்பினராய் இருப்பினும் இல்லாவிடினும் இவ்வுரிமை உண்டு.

இங்கே ஓர் ஐயம் எழும். முன்னறிவிப்பும் தந்து, அதற்குரிய பணத்தையும் முதலாளி கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்ததன்றோ? ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபு முடிந்தது என்றே கொண்டது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 1981-ல் அதை ஏற்கவில்லை. பின்னாளில் மாமன்னராக விளங்கிய ராஜா அஸ்லான் ஷா, மலாயாத் தலைமை நீதிபதியாக இருந்து அளித்த தீர்ப்பில், முன்னறிவிப்புடன் முடிப்பதற்கும் உடனே வெளியேற்றுவதற்கும் பொருளளவில் வேறுபாடில்லை எனத் தெளிவாக்கினார். இரண்டின் விளைவும் ஒன்றே. முதலாளி கூறிய காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா என ஆராய்வதே தொழில் நீதிமன்றத்தின் கடமை.

அரசு ஊழியரை 20-ஆம் பிரிவு தழுவாது. பதவிநீக்கத்துக்குமுன் தம் பக்கத்தைக் கூறத் தக்க வாய்ப்பினை அவர்க்கு அரசியலமைப்பின் 135-ஆம் விதி அளிக்கிறது. ஓர் ஆரம்பப் பள்ளியின் மூத்த துணை ஆசிரியர் பதவிநீக்கம் பற்றி 1996-ல் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், நீதிபதி கோபால் ஸ்ரீராம், அரசியலமைப்பு காக்கும் ‘உயிர்’ என்னும் சொல்லில் பிழைப்புக்கான தொழிலும் அடங்கும் என்று விளக்கினார். லயத்தில் வாழ்ந்தோர் நெடுங்காலமாய் அறிந்திருந்த உண்மை இதுவே.

எனினும் இவ்வுரிமைக்குக் காலவரை உண்டு. நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முறையீடு எழுத்து மூலம் போய்ச் சேர வேண்டும். முன்னறிவிப்புடன் நீக்கப்பட்டவர் அவ்வறிவிப்புக் காலத்திலேயே முறையிடலாம். அது முடிந்தபின் 60 நாளைத் தாண்டலாகாது. சம்பளப் பாக்கி, அறிவிப்புப் பணம், ஆட்குறைப்பு இழப்பீடு ஆகியவற்றுக்குத் தொழிலாளர் இலாகா. வேலையைத் திரும்பப் பெறத் தொழிலுறவு இலாகா. ஒரு கதவைத் தட்டியவர் மற்றதையும் தட்டியதாகக் கொள்ளலாகாது. சமரசம் பலிக்காத வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புவது முன்பு அமைச்சரின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. 2021 தொடக்கம் முதல் இலாகாத் தலைமை இயக்குநரே நேராக அனுப்புகிறார்.

தோட்டத்துக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தையும் மலாய்க் கடிதத்தையும் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு, பல இடங்களில் தமிழ்ப் பள்ளி ஆசிரியரைச் சார்ந்திருந்தது. இன்று கடிதம் தொழிற்சாலையிலிருந்து வரலாம். அதை ஏந்தி நிற்பவர் பழைய தோட்டத்துத் தொழிலாளியின் பேரனாய் இருக்கலாம். அதில் எவ்வளவு பணம் என்று மட்டும் படித்துச் சொன்னால் போதாது. காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, எந்த நாளிட்டது என்று பார்த்து, 60 நாளை எண்ணிக் காட்டுதல் வேண்டும்.