தாழ்வானும் காவலும்: புத்தளக் கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சிலாபத்துக்கு வடக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து தட்டையாகின்றது. தென்னந்தோப்புகளும் உப்பளங்களும் மீன்வாடிகளும் மாறிமாறி வருகின்றன. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையே கற்பிட்டி என்னும் மணற்குடா. புத்தளக் கரையின் இயல்பு இதுவாகும். ஏறிநின்று நெடுந்தூரம் நோக்குதற்கு இங்கே குன்றில்லை. இச்சிறு உண்மை, வான்காவலின் வரலாற்றில் பெரும்பொருள் உடையதாகும்.

1942 ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானியக் கப்பற்படையின் விமானங்கள் ஏறத்தாழ 125 கொழும்பைத் தாக்கின. யப்பானியக் கப்பல்கள் அணுகுவதை முதல்நாளே வேவு விமானமொன்றிலிருந்து கண்டு அறிவித்தவர் லெனார்ட் பேர்ச்சல் என்னும் விமானி. கொழும்பில் ராடார் நிலையமும் அமைக்கப்பட்டிருந்தது. எனினும் உரிய வேளையில் எச்சரிக்கை கிட்டவில்லை. பகை விமானங்கள் தலைக்கு மேலே வந்தபோதே இரத்மலானையின் போர்விமானங்கள் தரையைவிட்டு எழலாயின. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டபோது நிலைமை வேறாயிருந்தது. அங்கிருந்த ராடார் ஏறத்தாழ 90 மைல் தொலைவிலேயே பகையைக் கண்டது. காவல் விமானங்கள் முன்கூட்டியே வானேறின. சேதம் அங்கும் நேர்ந்ததாயினும், ஒரே தீவில் ஒரே வாரத்தில் நிகழ்ந்த இவ்விரண்டையும் ஒப்பிடுவோர், கருவி இருப்பது வேறு, கண்டதை உரியவரிடம் உரிய வேளையில் சேர்ப்பது வேறு என்பதை உணர்வர்.

அடுத்த ஆண்டில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் புத்தளத்தில் ‘ராஜாளிய’ என்னும் பெயருடன் இயங்கலாயிற்று. அத்தளத்தில் விமானங்களை இழுத்துச் செல்ல யானைகள் பயன்பட்ட காட்சி அக்காலப் புகைப்படங்களில் பதிவாகியுள்ளது. புதுயுகப் பொறியும் பழந்தொழிலும் ஒருங்கே நின்ற இடம் அது.

ராடாரின் குறை அது பிறந்த நாட்டிலேயே அறியப்பட்டிருந்தது. 1935இல் வாட்சன் வாட் செய்துகாட்டிய சோதனையின் வழியே பிரித்தானியக் கரையெங்கும் எழுந்த முதல் நிலையங்கள் உயரப் பறந்தவற்றைக் கண்டன. தாழப் பறந்தவற்றைத் தவறவிட்டன. அதனால் 1939 முதல் குறுகிய அலைநீளமுடைய வேறு நிலையங்களைச் சேர்க்க நேர்ந்தது. 1940இல் பேர்மிங்காமில் ராண்டலும் பூட்டும் ஆக்கிய மாக்னெற்றோன், சென்ரிமீற்றர் அளவான அலைகளை வலிமையுடன் பிறப்பித்தது. சிறு ராடார் என்னும் எண்ணம் கைகூடியது அதன் பின்னரே எனலாம்.

கருவி சிறுத்தாலும் புவியின் வளைவு மாறுவதில்லை. பத்து மீற்றர் உயரத்தில் நிற்கும் ராடார், முப்பது மீற்றர் உயரத்தில் வரும் பொருளை ஏறத்தாழ 35 கிலோமீற்றருக்கு அப்பால் காணவியலாது. குன்றில்லாப் புத்தளக் கரைக்கு இவ்வரம்பு நேரே பொருந்தும்.

அவ்வரம்பின் விலையை உள்நாட்டுப் போரின் இறுதியாண்டுகள் காட்டின. 2007 மார்ச் 26ஆம் நாள் அதிகாலை விடுதலைப் புலிகளின் இலகு விமானங்கள் கட்டுநாயக்கா வான்படைத் தளத்தைத் தாக்கின. வான்படையினர் மூவர் உயிரிழந்தனர். தாழ்வானைக் காண்பதற்கென ஆக்கப்பட்ட ‘இந்திரா’ ராடார்களை இந்தியா வழங்கியிருந்தும் இது நிகழ்ந்தது. 2008 ஒக்ரோபர் 28ஆம் நாள் ஒரே இரவில் மன்னாரின் தள்ளாடி முகாமும் கொழும்பின் களனிதிஸ்ஸ மின்னிலையமும் தாக்கப்பட்டன. அவ்விரண்டுக்கும் இடையே கிடப்பது புத்தளக் கரையே.

அந்நாட்களில் குடிமக்கள் பட்ட இடரும் நோக்கத்தக்கது. 2007 ஏப்ரல் 29ஆம் நாள் அதிகாலை, உலகக் கிண்ண இறுதியாட்டத்தை மக்கள் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், கொழும்பு நகர் இருளாக்கப்பட்டது. வருவது எங்கே என்று தெளிவாகக் காணவியலாத காவல், அனைவரின் விளக்கையும் அணைத்தது. 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், ட்ரோன்களைப் பறக்கவிடுவதை விமானப் போக்குவரத்து அதிகாரசபை நாடு முழுவதும் நிறுத்திவைத்தது. இதற்கு முந்திய திசெம்பரில் இலண்டனின் கட்விக் விமான நிலையத்தில், ட்ரோன் கண்டதாக வந்த அறிவிப்புகளால் ஏறத்தாழ 1,000 பறப்புகள் தடைப்பட்டு 1,40,000 பயணிகள் அல்லலுற்றனர். உறுதியாகக் காணமுடியாதவிடத்துத் தடை ஒன்றே வழியாகின்றது என்பதே இவற்றின் பொதுப்பாடம்.

இன்றைய சிறு ராடார்கள் இந்நிலையை மாற்றவல்லன. ட்ரோன் மிகச் சிறியது. எதிரொலிக்கும் பரப்பு பதினாயிரத்தில் ஒரு பங்காயின் காணும் தூரம் பத்தில் ஒரு பங்காகும். ஆகவே பெரிய நிலையம் ஒன்றினும், குறுகிய தூரம் நோக்கும் சிறு ராடார்கள் பல, ஒன்றின் எல்லையை மற்றொன்று தொட நிற்பதே பொருத்தமாகும். கடலலையின் எதிரொலியிலிருந்து அசையும் பொருளை டொப்ளர் விளைவு பிரித்துக் காட்டுகின்றது. களப்பில் இறங்கும் நீர்ப்பறவையின் சிறகடிப்பும் ட்ரோனின் விசிறிச் சுழற்சியும் எதிரொலியின் மீடிறனில் வெவ்வேறு நுண்மாற்றங்களை உண்டாக்குகின்றன. அவற்றால் பறவையையும் பொறியையும் பெரும்பாலும் வேறுபடுத்தலாம்.

இக்கரையில் இதற்குத் தேவையும் உண்டு. நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய அனல் மின்னிலையம் 900 மெகாவாற்று ஆற்றலுடன் நிற்கின்றது. பாலாவியில் வான்படை நிலையம் உள்ளது. கற்பிட்டிக்கு வரும் பயணிகள் கடலையும் ஓங்கில்களையும் வானிலிருந்து படமெடுக்க விழைகின்றனர். இவற்றினூடே மீனவர் தம் தொழிலைச் செய்கின்றனர். போர்க்காலத்தில் கடலுக்குச் செல்லவும் அனுமதி வேண்டி நின்ற கரையோர மக்கள், காவல் என்னும் சொல்லை ஐயத்தோடு கேட்பது இயல்பே. ராடார் முகத்தைக் காண்பதில்லை. தூரத்தையும் திசையையும் விரைவையுமே காண்கின்றது. குடிமக்களின் வாழ்வை நோக்காது வானை மட்டும் நோக்கும் காவலுக்கு அது ஒளிப்படக் கருவியினும் தகுந்ததாகும்.

எனினும் 1942இன் பாடம் மாறவில்லை. கண்டதை எவர் கேட்பர், எவர் முடிவெடுப்பர், எத்தனை நிமிடங்களில் என்பன முன்னரே வகுக்கப்படாவிடின், புதிய கருவியும் இரத்மலானையின் கதியையே அடையும். அவை செவ்வனே வகுக்கப்படின், ஒரு பொறியின் பொருட்டு ஊரெல்லாம் இருளவேண்டியதில்லை. ஒருவரின் பிழைக்காக அனைவரின் வானும் மூடப்படவேண்டியதில்லை.