நியூ ஆர்டர்
இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதி ராக் இசைக்குழு. ஜாய் டிவிஷன் குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான இயன் கர்ட்டிஸ், முதல் அமெரிக்கப் பயணத்துக்குப் புறப்படவிருந்த தறுவாயில், 1980 மே 18 அன்று இறந்தார். எஞ்சிய பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக், ஸ்டீபன் மாரிஸ் மூவரும் புதுப்பெயரில் தொடர்ந்தனர். ஒத்திகையில் மற்றவர்கள் மனம்போனபடி வாசிக்க, எந்தத் துணுக்கு பாடலாகும் என்று கேட்டுச் சொன்னவர் கர்ட்டிஸ். குரலைவிட அந்தக் காதின் இழப்பே பெரிது. அவர் விட்டுச்சென்ற ‘செரிமனி’ பாடலின் வரிகளைத் தெளிவற்ற ஒத்திகை நாடாவிலிருந்து கேட்டுக் கேட்டு மீட்டனர். மூவருமே பாடிப் பார்த்தபின் சம்னர் பாடகரானார். பாடிக்கொண்டே கிதார் வாசிக்க அவருக்குக் கடினமாயிருந்ததால், வரிகளின் இடைவெளிகளில் கிதார் ஒலித்தது. அந்தப் பாணி நிலைத்தது. 1980 அக்டோபரில் கில்லியன் கில்பர்ட் சேர்ந்தார். சின்தசைசரும் டிரம் மெஷினும் முன்னின்ற ‘புளூ மண்டே’ பாடல் 1983இல் வெளியானது.