அறிவுத்திறன் குறைபாட்டுச் செவிலியம்

அறிவுத்திறன் குறைபாட்டுச் செவிலியம் என்பது அறிவுத்திறன் குறைபாடும், அதனோடு சிக்கலான உடல்நலத் தேவைகளும் கொண்டவர்களைப் பராமரிக்கும் செவிலியத் துறை ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் செவிலியர் பதிவு பெறக்கூடிய நான்கு துறைகளுள் இதுவும் ஒன்று. வயதுவந்தோர், குழந்தைகள், உளநலம் ஆகியன மற்ற மூன்று. அயர்லாந்துக் குடியரசிலும் இதற்கெனத் தனிப் பதிவு உண்டு.

பெயர்

ஐக்கிய இராச்சியத்தில் வழங்கும் பெயரை அப்படியே தமிழாக்கினால் "கற்றல் குறைபாட்டுச் செவிலியம்" என வரும். ஆனால் தமிழில் கற்றல் குறைபாடு என்பது பெரும்பாலும் டிஸ்லெக்சியா போன்ற வாசிப்பு, எழுத்து இடர்ப்பாடுகளையே குறிக்கிறது. இங்கு குறிக்கப்படுவது, வயதுவருமுன் தோன்றி வாழ்நாள் முழுவதும் நீடிக்கும், புரிந்துகொள்ளும் திறனையும் அன்றாட வாழ்வையும் பாதிக்கும் நிலை ஆகும்.

வரலாறு

1913 ஆம் ஆண்டின் மனக்குறைபாட்டுச் சட்டத்திற்குப் பின் பலர் சமூகத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பெரிய காப்பகங்களில் வைக்கப்பட்டனர். இவற்றுள் பல 1948 இல் தேசிய சுகாதார சேவையின் மருத்துவமனைகளாயின. கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் நோயாளிகள் துன்புறுத்தப்படுவதாக 1967 இல் குற்றச்சாட்டு எழுந்தது. ஜெஃப்ரி ஹவ் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 1969 இல் வெளியானது. 1971 இல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மருத்துவமனைகளுக்கு மாற்றாகச் சமூகத்தினுள்ளேயே பராமரிப்பு அளிக்க வழிவகுத்தது. 1979 இன் ஜே அறிக்கை இப்பணியைச் சமூகப் பணியோடு இணைக்கப் பரிந்துரைத்தது. எனினும் இத்துறை செவிலியத்தின் ஒரு பிரிவாகவே நீடித்தது.

நோயறிதல் மறைப்பு

நோயின் அறிகுறியை, அறிவுத்திறன் குறைபாட்டின் இயல்பு என்று மருத்துவர்களோ செவிலியர்களோ தவறாகக் கருதிவிடுவது நோயறிதல் மறைப்பு எனப்படும். எடுத்துக்காட்டாக, பேச இயலாத ஒருவர் தலையில் அடித்துக்கொள்வது அவரது வழக்கமான நடத்தை எனக் கொள்ளப்படலாம். உண்மையில் அதன் காரணம் பல்வலியாகவோ காதுத் தொற்றாகவோ மலச்சிக்கலாகவோ இருக்கக்கூடும்.

இதன் விளைவு உயிரிழப்பு வரை செல்லக்கூடியது. மென்காப் என்னும் தொண்டு நிறுவனம் 2007 இல் வெளியிட்ட அறிக்கை, தேசிய சுகாதார சேவையின் பராமரிப்பில் இறந்த ஆறு பேரைப் பற்றியது. அவர்களுள் ஒருவர் பக்கவாதத்திற்குப் பின் மருத்துவமனையில் 26 நாட்கள் ஊட்டமின்றி விடப்பட்டார். 2013 இல் முடிவுற்ற மற்றோர் ஆய்வு, தென்மேற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த 247 இறப்புகளை ஆராய்ந்தது. இதன்படி இக்குறைபாடுடைய ஆண்கள் பொது மக்களைவிட 13 ஆண்டுகளும், பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறந்தனர்.

பணிகள்

* ஒருவர் வலியையும் துன்பத்தையும் வெளிப்படுத்தும் முறையை முன்கூட்டியே அறிந்து பதிவு செய்தல். முகபாவம், உறக்கம், உணவு ஆகியவற்றில் தோன்றும் மாற்றங்களும் இதில் அடங்கும்.
* கால்-கை வலிப்பு உடையோருக்கு அவசரகாலத் திட்டம் வகுத்தல். நீண்ட வலிப்பின்போது கன்னத்தின் உட்புறம் மிடாசொலம் மருந்தை இடப் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் உண்டு.
* விழுங்குதலில் இடர்ப்பாடு உள்ளோரைக் கண்காணித்தல். உணவு மூச்சுக்குழலுள் சென்றால் நுரையீரல் அழற்சி ஏற்படலாம். தேவைப்பட்டால் வயிற்றில் பொருத்தப்பட்ட குழாய் வழியே உணவு தரப்படுகிறது.
* டவுன் நோய்க்கூட்டறிகுறி உடையோரிடம் தைராய்டு, இதயக் கோளாறுகளையும், இளவயதிலேயே தோன்றக்கூடிய ஆல்சைமர் நோயையும் கவனித்தல்.
* "மருத்துவமனைக் கடவுச்சீட்டு" தயாரித்தல். இது நோயாளியின் மருந்துகள், தொடர்பு கொள்ளும் முறை, அச்சங்கள் ஆகியவற்றைப் புதிய ஊழியர்களுக்குத் தெரிவிக்கும் சிற்றேடு ஆகும்.

சட்டமும் உரிமையும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் செல்லுபடியாகும் 2005 ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என நிறுவப்படும் வரை, அத்திறன் உண்டென்றே கொள்ள வேண்டும் என்கிறது. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், சேவை வழங்குவோர் "நியாயமான மாற்றங்கள்" செய்வதைக் கடமையாக்குகிறது. நீண்ட சந்திப்பு நேரம், எளிய மொழியிலும் படங்களாலும் அமைந்த தகவல், அமைதியான காத்திருப்பு அறை ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். இங்கிலாந்தில் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் ஆண்டுதோறும் உடல்நலப் பரிசோதனை பெறலாம். அங்குள்ள நல, பராமரிப்பு நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு இக்குறைபாடு குறித்தும் ஆட்டிசம் குறித்தும் பயிற்சி அளிக்க வேண்டும் என 2022 ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது.

இவற்றையும் பார்க்க

* செவிலியம்
* கால்-கை வலிப்பு
* டவுன் நோய்க்கூட்டறிகுறி
* பெருமூளை வாதம்