யூனிக்ஸ் மரபில் தாய்ச் செயல்முறை: ஒரு வரலாற்று நோக்கு

கணிப்பொறியில் இயங்கத் தொடங்கிய நிரல் செயல்முறை எனப் பெயர் பெறும். யூனிக்ஸ் இயக்கமுறைமையில், முதலாவது நீங்கலாக, எச்செயல்முறையும் தானே தோன்றுவதில்லை; முன்னரே இயங்கும் ஒன்று தன்னைப் படியெடுத்துப் பிரிவதனாலேயே மற்றொன்று பிறக்கிறது. பிறப்பித்ததைத் தாய் என்றும் பிறந்ததைச் சேய் என்றும் கூறலாம். சேய் முடிவுற்ற செய்தி தாயையே சேரும். இவ்வுறவு, பிழைதேடுங்கால் எவ்வாறு குலைந்தது, பின் எவ்வாறு செப்பமுற்றது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பெற்ற இம்முறைமையின் ஆறாம் பதிப்பு 1975-இல் வெளிவந்தது. ஒரு செயல்முறையை நிறுத்தி அதன் நினைவகத்தைப் பார்வையிடவும் மாற்றவும் உதவும் பீடிரேஸ் என்னும் அழைப்பு அதில் காணப்படுகிறது. மூலநிரலை நோக்கின், கண்காணிப்புக்குச் சேயே முதற்கண் இசைவு தருதல் வேண்டும். அதன்பின் தாய் ஒன்றே அதனை ஆராயலாம் என்பது புலனாகும். சேயின் பதிவிலுள்ள தாயின் எண், கண்காணிக்க விழையும் செயல்முறையின் எண்ணோடு ஒத்தாலன்றிக் கருநிரல் இடந்தராது. கண்காணிப்புக்கு உட்பட்டு நிற்க வேண்டிய சேய், தாயைத் தேடிக் காணாவிடின் முடிந்தொழியும். இப்பதிப்பின் மூலத்துக்கு நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஜான் லயன்ஸ் என்பார் 1977-இல் உரை வகுத்தார். 1996-இல் முறையாக அச்சேறும்வரை அது படியெடுக்கப்பட்டே பரவியது. மூலமும் உரையுமாகப் படித்துப் பழகிய நம்மவர்க்கு அந்நூல் அயன்மையாகத் தோன்றாது.

தாய்க்கே உரிமை என்னும் விதி எளிமையானது, ஆனால் போதாதது. பன்னாள் இயங்கித் திடீரெனப் பிறழும் செயல்முறையே ஆராய்ச்சியை மிகவும் வேண்டுவது. அதன் தாயோ பிழைதேடி அன்று. இவ்விடர்ப்பாட்டுக்கு இருவழிகள் பிறந்தன. டாம் கில்லியன் 1984-இல் செயல்முறைகளைக் கோப்புகளாகவே காட்டும் முறையை விளக்கினார். கோப்பைத் திறக்க இசைவு பெற்ற எதுவும் ஆராயலாம், உறவு வேண்டியதில்லை. சிக்கலின் வேரை அறிந்த தீர்வு இதுவே என்பது என் கருத்து.

மற்றொரு வழி மகவேற்பு. 1993-இல் வந்த 4.4 பிஎஸ்டியில், பிழைதேடி ஒரு செயல்முறையைப் பற்றியவுடன் அதன் தாயாகவே ஆக்கப்பட்டது. பழைய தாயின் எண் மட்டும் தனியே குறித்துவைக்கப்பட்டது. நிரலாளர் தமக்கு நிறைவு தராத இடங்களில் இடும் குறி அவ்வரியின் அருகிலேயே உள்ளது. விளைவுகள் பல. 'என் தாய் யார்?' என வினவும் சேய்க்குப் பிழைதேடியின் எண்ணே விடையாகக் கிடைத்தது. ஆகவே ஆராயப்படும்பொழுது நிரலின் நடத்தையே வேறுபடக்கூடும். சேயின் முடிவை எதிர்நோக்கும் பெற்ற தாய்க்கு வேறு சேய் இல்லையேல், 'உனக்குச் சேயே இல்லை' என்னும் மறுமொழி வந்தது. மேலும், எண் என்பது ஆள் அன்று. பெற்ற தாய் முடிந்தபின் அதே எண் பிறிதொன்றுக்கு வழங்கப்படின், விடுவிக்கப்பட்ட சேய் தொடர்பில்லாத ஒன்றனிடம் சேரவும் கூடும்.

அகப்பொருள் இலக்கணம் நற்றாயையும் செவிலியையும் வேறு பிரித்தே வைத்தது. லினசு டோர்வால்டுசு 1991-இல் தொடங்கிய லினக்ஸும் ஏறத்தாழ அத்தகைய பிரிவினையை மேற்கொண்டது. பெற்ற தாய்க்கு ஓரிடமும், அப்போதைய தாய்க்கு ஓரிடமும் பதிவில் அமைந்தன. சேயின் வினாவுக்குப் பெற்ற தாயின் எண்ணே விடையாயிற்று. எனினும், செயல்முறைகளைப் பட்டியலிடும் கருவி நெடுங்காலம் பிழைதேடியையே தாயாகக் காட்டிவந்தமையால், கேட்குமிடத்திற்கேற்ப விடை மாறியது. 2008-இல் கண்காணிக்கப்படுவன தனிப்பட்டியலாக்கப்பட்டன. பெற்ற தாயை மெய்த் தாயாகவே கூறும் முறையைப் பிரீபிஎஸ்டியும் பிற்காலத்தில் மேற்கொண்டது.

இன்றைய லினக்ஸில் ஒவ்வொரு செயல்முறைக்கும் உரிய நிலைக்கோப்பில் தாயின் எண் ஒரு வரியிலும், கண்காணிப்பதன் எண் வேறொரு வரியிலும் தரப்படுகின்றன. கண்காணிப்பது எதுவும் இல்லையேல் பின்னதில் 0 என்றிருக்கும்.