நம்ம ஊரில் மறதி நோய் குறைவா? ஒரு கணக்கெடுப்பின் கதை

டெல்லிப் பக்கம் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஊரில் இருக்கும் பெரியவர்களிடம்தான் போய் நிற்கும். அப்படிப் பேசும்போது அடிக்கடி காதில் விழும் ஒரு வசனம்: "இந்த அல்சைமர் எல்லாம் வெள்ளைக்காரன் வியாதி சார். நம்ம ஆளுங்களுக்கு ரசமும் மஞ்சளும் போதும், அதெல்லாம் வராது."

இதை வெறும் திண்ணைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் பெரிய ஆராய்ச்சிகளே ஏறக்குறைய இதைத்தான் சொல்லின. அவற்றில் முக்கியமான ஒன்று நடந்த இடம் ஃபரீதாபாத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லப்கர். 2018-ல் மெட்ரோ வந்ததே, அதே பல்லப்கர்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சின்னதாக ஒரு முன்கதை. ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர், ஆகஸ்ட டெட்டர் என்ற பெண்மணியின் மூளையில் தான் கண்ட மாற்றங்களைப் பற்றி 1906-ல் ஒரு கூட்டத்தில் பேசினார். 1910-ல் அந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், 'எத்தனை பேருக்கு இருக்கிறது' என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவில்தான் எடுக்கப்பட்டது. சுதந்திரம் வந்த சமயத்தில் நம் நாட்டின் சராசரி ஆயுளே 32 வயதுக்குப் பக்கம். காலரா, காசநோய், பிரசவ மரணம் என்று தலைக்கு மேல் வேலை இருக்கும்போது தாத்தாவின் மறதியை யார் எண்ணுவார்கள்?

1990-களில்தான் நிலைமை மாறியது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் மேரி கங்குலி, இந்தியாவில் விஜய் சந்திரா ஆகியோரின் குழு பல்லப்கர் கிராமங்களுக்குள் இறங்கியது. 55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேர். அதில் நூற்றுக்கு 73 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். இங்கேதான் முதல் சிக்கல். நினைவாற்றலைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்பட்ட கேள்வித்தாளில் 'இதைப் படி, அதன்படி செய்', 'ஒரு வாக்கியம் எழுது' என்றெல்லாம் வரும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டியிடம் இதை நீட்டினால், நல்ல தெளிவாக இருப்பவருக்கும் நோய் என்றுதான் காட்டும். அதனால் கேள்விகளையே மாற்றினார்கள். 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக, 'நான் செய்வதைப் போலச் செய்யுங்கள்' என்று கேட்பவரே கண்ணை மூடிக் காட்டினார். எழுதச் சொல்வதற்குப் பதிலாக, 'உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்' என்றார்கள்.

1998-ல் முடிவு வெளிவந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் டிமென்ஷியா இருந்தது 1.36 சதவீதம் பேருக்கு மட்டுமே. 2001-ல் இன்னொரு கணக்கு: புதிதாக அல்சைமர் வருபவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 4.7 பேர். ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்கப் பகுதியில் இது 17.5. நைஜீரியாவின் இபாதான் நகரிலும் இதே மாதிரி நடந்தது. அங்கே 2.29 சதவீதம், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் வாழும் கறுப்பின மக்களிடம் 4.82 சதவீதம் என்று 1995-ல் சொன்னார்கள்.

வளரும் நாடுகளில் இந்த நோய் குறைவு என்ற எண்ணம் இப்படித்தான் வேர் பிடித்தது. மஞ்சளைப் பற்றி எழுதியவர்கள் இந்தியக் கணக்கைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆனால் பல்லப்கர் குழுவினர் நிதானமாகவே பேசினார்கள். நோய் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம், அல்லது மக்களின் ஆயுள் குறைவு, நோய் வந்தவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவது போன்றவை காரணமாக இருக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். அந்த எச்சரிக்கை வெளியே அவ்வளவாகப் பரவவில்லை.

இதற்கிடையில் தெற்கிலிருந்து வந்த கணக்குகள் வேறு மாதிரி இருந்தன. கேரளக் கிராமப்புறத்தில் 60 வயதுக்கு மேல் ஆயிரத்துக்கு 31.9 பேர் என்று 1996-ல் ஓர் ஆய்வு. சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பகுதியில் 3.5 சதவீதம் என்று 1997-ல் இன்னொன்று. ஒரே நாட்டுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

1998-ல் கொச்சியில் நடந்த சர்வதேச அல்சைமர் மாநாட்டில் ஒரு குழு உருவானது. பெயரே வினோதம்: 10/66. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை. அந்த ஆதங்கத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள். லண்டனின் மார்ட்டின் பிரின்ஸ் ஒருங்கிணைப்பாளர். கியூபா, சீனா, பெரு என்று பல நாடுகளில் ஒரே முறையில் கணக்கெடுத்தார்கள். இந்தியாவில் அவர்கள் தேர்ந்தெடுத்தது நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர்.

2008-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் வகுத்த வழக்கமான விதிப்படி பார்த்தால், வேலூர் கிராமங்களில் டிமென்ஷியா ஒரு சதவீதத்துக்கும் கீழே. படிப்பறிவையும் கணக்கில் கொண்டு 10/66 குழு உருவாக்கிய முறைப்படி அதே மக்களைப் பார்த்தால் 10.6 சதவீதம்! சென்னையில் 7.5.

அதே ஊர், அதே பெரியவர்கள். பத்து மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

பழைய விதிப்படி இரண்டு விஷயங்கள் நிரூபணமாக வேண்டும். முன்பு இருந்ததைவிட இப்போது மோசம் என்று தெரிய வேண்டும். அன்றாட வாழ்க்கை அதனால் பாதிக்கப்பட வேண்டும். இதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார். நம் கிராமத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். தாத்தாவுக்குச் சோறு தட்டில் வந்துவிடும். காசு விவகாரம் மகன் கையில். வெளியே போனால் தெருவில் யாராவது கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். அவரால் முடியாத வேலை எதையும் யாரும் அவரிடம் கொடுப்பதில்லை. அதனால் முடியவில்லை என்பதும் தெரிவதில்லை. "மறதி இருக்கா?" என்று கேட்டால், "வயசானா இருக்கத்தானே செய்யும்" என்பார்கள். கேட்டவர் 'பாதிப்பு இல்லை' என்று குறித்துக்கொண்டு போவார். மலையாளத்தில் இதைச் 'சின்னன்' என்பார்களாம், குழந்தைத்தனம் என்று பொருள். ஈழத் தமிழில் 'அறளை பெயர்ந்திட்டுது'. நம் பக்கம் 'குழந்தை மாதிரி ஆயிட்டார்'. சொல் இருந்தது. நோய் என்ற எண்ணம்தான் இல்லை.

10/66 முறை தேவைக்கு அதிகமாகக் காட்டுகிறது என்ற விமர்சனமும் உண்டு. பிறகு வந்த பெரிய தேசியக் கணக்கு இதற்கு நடுவில் வந்து நிற்கிறது. 2017 முதல் 2020 வரை பல மாநிலங்களில் 4,096 பேரை நேரில் சோதித்த அந்த ஆய்வின் மதிப்பீடு 2023-ல் வெளியானது: 60 வயதுக்கு மேல் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர். பெண்கள் 9, ஆண்கள் 5.8. கிராமத்தில் 8.4, நகரத்தில் 5.3. அதிகம் பாதிக்கப்படுவது கிராமத்துப் பாட்டிகள். அதிகம் படிக்க வைக்கப்படாதவர்களும் அவர்கள்தான். பள்ளிப் படிப்பு இந்த நோயிலிருந்து ஓரளவு காக்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விஷயம். 60 வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கு அனுப்பாததன் விலையை இப்போது கொடுக்கிறார்கள்.

வெளியூரில் இருக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாமும் ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லா இருக்கீங்களா?" என்றுதான் கேட்கிறோம். "நல்லா இருக்கோம், நீ உடம்பைப் பாத்துக்கோ" என்று பதில் வருகிறது. குறித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். கேள்வியை மாற்ற வேண்டும். கூட இருப்பவரிடம் தனியாகக் கேளுங்கள்: போன வருஷம் தானாகச் செய்த எந்த வேலையை இப்போது அம்மா விட்டுவிட்டார்? கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறாரா? குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுகிறதா? பழகிய தெருவில் வழி தடுமாறுகிறதா?

சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றைக் கவனித்தாலே அபாயம் குறையும். டிமென்ஷியாவே என்றாலும், தெரிந்துகொண்டால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவருக்கு ஒத்தாசை செய்யலாம். பெரும்பாலான வீடுகளில் அது மருமகளோ மகளோதான். "ஒரே கேள்வியை நூறு தடவை கேக்கறாரு" என்று அவர் சலித்துக்கொண்டால், அதைப் புகார் என்று ஒதுக்காதீர்கள். வேலூரில் யாரும் சொல்லாமல் விட்ட தகவல் அதுதான்.

உங்கள் ஊர்ப்பக்கம், உங்கள் பாட்டி வாயில், இந்த நிலைக்கு வேறு ஏதாவது சொல் வழங்கியதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். சேர்த்து வைக்க ஆசை.